சோணையம்மாள் பட்டணத்தில் ஒடித்த கொப்பு

என் அத்தை சோணையம்மாள் ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு செடியையும் விலைக்கு வாங்கி நட்டதில்லை. கேட்டு வாங்கியும் நட்டதில்லை. நயினார்கோவிலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில், அவள் வாசலில் நின்ற நந்தியாவட்டை தலையாரி வீட்டிலிருந்து வந்தது. கொல்லையில் நின்ற அரளி, பரமக்குடி பஸ் டீக்கு நின்ற ஐந்து நிமிடத்தில் யார் வீட்டு வேலியிலோ ஒடிபட்டது. களவாண்டு வைத்த குச்சிதான் துளிர்க்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. மற்றப் பொருளில் அத்தை கை வைக்க மாட்டாள். ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு அலைந்து உடையவனைக் கண்டுபிடித்து, தொலைத்ததற்காக அவனை வைதுவிட்டு வந்தவள் அவள்.

அவளுக்கு ஒரே தலைவலி எதிர்வீட்டுக் கருத்தம்மாள். கருத்தம்மாள் வாசலில் சிவப்புக் காகிதப்பூ கூரை வரை ஏறிக் கிடந்தது. 1988-ஆம் ஆண்டு ஆடி மாதம், ஊருணிக் கரையில் பத்துப் பெண்கள் பார்க்க வாக்குவாதம் முற்றியது.

"ஏன்டி சோணை, களவாண்டு களவாண்டு ஊருல இருக்கறதைத்தான வெக்கிற? இந்த ஊருல எவ வீட்டுலயும் இல்லாத பூ ஒண்ணைப் பூக்க வையி பாப்போம். ஒரு மாசம் ஒன் வீட்டுக்கு நான் தண்ணி சுமக்கேன்."

"பூக்கலைன்னா?"

"என் வீட்டுக்கு நீ சுமக்கணும். பங்குனி மொதத் தேதி வரைக்கும் ஒனக்குக் கெடு."

ஊருணி ஒன்றரை மைல். அத்தைக்கு அப்போதே முழங்கால் வலி. ஆனாலும் "சரிடி" என்று சொல்லிவிட்டாள்.

ஆவணியில் அவள் சென்னைக்கு ரயிலேறினாள். கண் மங்குகிறது என்பது வீட்டில் சொன்ன காரணம். எங்கள் வகையறாவில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். வரலாற்றில் பட்டம் வாங்கி, சென்னையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் லீவு போட்டு, எழும்பூரில் அவளை இறக்கி, நேரே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பலகையில் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். கடைசி வரி வரை சரியாகக் காட்டினாள்.

"கண்ணுல ஒண்ணுமில்லையேம்மா."

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது" என்றாள் அத்தை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்புறம் எதுக்கு அத்தே வந்தீக?"

"மெட்ராசுல எம்புட்டு மதிலு இருக்கு, மருமகனே! அத்தனைக்கும் பின்னால செடி இல்லாமலா இருக்கும்?"

அப்போதுதான் பந்தய விவகாரம் முழுவதையும் சொன்னாள். எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. இந்த ஊரின் பழைய தெருக்களையும் சிலைகளையும் அவளுக்கு நான் விளக்கிக் காட்ட வேண்டும். ஊருக்குப் போய் அவள் என் படிப்பைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நடந்துதான் போக வேண்டும்.

அன்று மதியம் பவழக்காரத் தெரு. பவழ வியாபாரிகள் வாழ்ந்த இடம், கப்பல் வந்த காலம் என்று நான் ஆரம்பித்துத் திரும்பினால் அத்தையைக் காணவில்லை. ஒரு தூண் வைத்த வீட்டில் "தாகமா இருக்கு தாயி, ஒரு செம்பு தண்ணி" என்று நுழைந்துவிட்டாள். தண்ணீர் கேட்டு வந்தவளை வாசலில் நிறுத்துவது எங்கள் ஊரில் கிடையாது. பட்டணத்திலும் கிடையாது என்று அவளாக முடிவு செய்திருந்தாள். கால்மணி கழித்து, இடுப்பில் ஒரு செம்பருத்திக் குச்சியோடு வந்தாள்.

"நாலு கட்டு வீடு, மருமகனே. கடைசிக் கட்டுல வாழை, முல்லை, ஒரு ஊஞ்சலு. நீ தெருப் பேரையே வாசிச்சுக்கிட்டு நில்லு."

செம்பருத்தி பந்தயத்துக்கு ஆகாது. எங்கள் ஊரிலேயே, கருத்தம்மாளின் மகள் வீட்டில் அது இருந்தது.

மறுநாள் அருங்காட்சியகம். வெண்கல அம்மன் ஒன்றின் முன் அத்தை வெகுநேரம் நின்றாள். அம்மனின் வலது கை எதையோ பிடிப்பது போல விரல் மடக்கியிருந்தது. நான் அது ஒரு முத்திரை என்று சொல்லி, அதன் பெயரையும் சொன்னேன்.

"முத்திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூ வெக்கிற கையி அது. பூவை எவளோ களவாண்டுட்டா" என்றாள். பிறகு மெதுவாக, "நல்லா துளிர்த்திருக்கும்" என்றும் சொன்னாள். பக்கத்தில் நின்ற காவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் மாலை ரயில். வேப்பேரியில் பழைய பங்களாக்களின் வழியே நடந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு மதிலும் இரண்டு ஆள் உயரம். அத்தையின் முகம் வாடிவிட்டது. முழங்காலைத் தடவி, "ஒரு மாசம், ஒன்றரை மைலு" என்று முனகினாள். அப்போது ரோட்டோரக் குப்பையில் குனிந்து எதையோ எடுத்தாள். காகிதப்பூ. பாதி வெள்ளை, பாதி ரோஸ்.

"காத்து எங்கிட்டு இருந்து அடிக்குது?"

"கடல் பக்கமிருந்து. கிழக்கே."

"அப்ப பூவும் அங்கன இருந்துதான் வந்திருக்கணும்."

காற்றுக்கு எதிராக இரண்டு சந்து நடந்தோம். மூன்றாவது சந்தின் கோடியில், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத ஒரு கேட். ஒருக்களித்துக் கிடந்தது, நுழைந்தோம். உள்ளே மாமரமும் உடைந்த நீரூற்றும் கல் பெஞ்சுகளும் ஒரு காடுபோலக் கிடந்தன. பின்மதிலை ஒட்டி அந்தச் செடி நின்றது. ஒரே கொப்பில் வெள்ளையும் ரோஸும்.

அத்தை தண்ணீர் கேட்க வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். படித்தவன் செய்யவேண்டியதைத்தான் செய்தேன். கத்தரியோடு நின்ற வயதான தோட்டக்காரரிடம், "ஐயா, இந்தச் செடியில் ஒரு குச்சி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு என்ன தம்பி, பத்து எடுத்துக்கங்க."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுப்புட்டியே, படுபாவி! இனி எங்கன துளிர்க்கும்?"

தோட்டக்காரர் கத்தரியைத் தாழ்த்தினார். "தங்கச்சி எந்த ஊரு?"

"நயினார்கோயிலு பக்கம்."

"பேச்சைக் கேட்டதும் நெனச்சேன். நான் ஏர்வாடி. அலியாருன்னு பேரு." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க உம்மாவும் மருதாணிக் கொப்பைக் களவாண்டுதான் வெப்பாக. சரி, அப்ப தர முடியாது. போங்க."

"மனசுக்குள்ள குடுத்துட்டீகளே, அண்ணே. இனிப் பறிச்சா அது களவா?"

அலியார் தாடியைச் சொறிந்தார். பிறகு சிரிப்பைத் துடைத்துப் போட்டது போல முகத்தை மாற்றினார். "மனசை மாத்திக்கிட்டேன். மொதலாளியம்மா கொப்பை எண்ணி வெச்சிருக்காக. ஒண்ணு கொறைஞ்சாலும் எனக்குத்தான் வசவு. கெளம்புங்க ரெண்டு பேரும்." எங்களை வெளியே விட்டுக் கேட்டைச் சாத்திக் கொண்டியும் போட்டார். அவர் சொன்னது நிஜமா நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தைக்கு அந்த மறுப்புதான் வேண்டியிருந்தது.

பின்பக்கச் சந்துக்குப் போனோம். மதிலுக்கு மேலே கொப்புகள் வெளியே தொங்கின. "குனி" என்றாள். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு குனிந்தேன். மூன்று ஆண்டு விழுந்து விழுந்து படித்து நிமிர்த்திய முதுகின் மேல் அத்தை ஏறி நின்றாள். மேலே 'படக்' என்று ஒரு சத்தம். உடனே மதிலுக்குள்ளிருந்து, "எவன்லே அது! களவாணி! களவாணி! பிடிங்க!"

முழங்கால் வலி எங்கே போனதோ, அத்தை கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். டீக்கடையில் நின்ற இருவர் கொஞ்ச தூரம் துரத்தினார்கள். சந்து முனையில் திரும்பிப் பார்த்தேன். அலியார் கேட்டுக்கு வெளியே இடுப்பில் கை வைத்து நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் "பிடிங்க, பிடிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

எழும்பூர் வாசலில் மூச்சு வாங்கியபடி அத்தை சொன்னாள்: "இப்பத்தான் மருமகனே இது களவு."

ஈரத்துணியில் சுற்றிய கொப்பு ராமேஸ்வரம் ரயிலில் அவள் மடியிலேயே போனது. ஐப்பசி மழையில் துளிர்த்தது. மாசிப் பாதியில் பூத்தது, வெறும் வெள்ளையாக. வெள்ளைக் காகிதப்பூ ஊரில் நாலு வீட்டில் இருந்தது. "இதுக்குத்தான் பட்டணம் போனியா?" என்று கருத்தம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அத்தை வாசலில் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அதே கொப்பில் ரோஸ் வந்தது.

பங்குனி முதல் தேதி நான் ஊரில் இருந்தேன். கருத்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் குடத்தைக் கொண்டுவந்து ஊற்றினாள். வெறுங்குடத்தோடு திரும்பும்போது செடியருகே கொஞ்சம் தாமதித்தாள். 'படக்' என்று அதே சத்தம். ஒரு சின்னக் கொப்பு அவள் தலைச் சும்மாட்டுத் துணிக்குள் போவதை நானும் பார்த்தேன், அத்தையும் பார்த்தாள்.

"அத்தே, அவ..." என்றேன்.

"சும்மா இருலே."

கருத்தம்மாள் பாதித் தெரு போகும்வரை அத்தை காத்திருந்தாள். பிறகு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, ஊரே கேட்கும்படி கத்தினாள்:

"களவாணி! களவாணி! பிடிங்க அவளை!"

கருத்தம்மாள் குடத்தோடு ஓட ஆரம்பித்தாள்.