மடக்காத மேஜை

கிடங்கு அறையின் ஷட்டர் பாதி ஏறியதுமே ஓரின் டாலஃப்சன் குனிந்து உள்ளே போய்விடுவார். முழுக்கத் திறக்கும்வரை பொறுமை கிடையாது. பின்சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, ஒரு பூட்ஸின் நுனியில் மறு பூட்ஸின் குதிகாலை ஒட்டிவைத்து, வாசல்வரை அடி அளந்து வருவார். அப்புறம் குறுக்கே ஒரு நடை. கடைசியாக அறையின் நடுவில் நின்று, கண்ணுக்குத் தெரியாத எதையோ இடது கையால் பின்னுக்கு இழுத்து, முழங்காலை மடித்து உட்காரப் போவதுபோல் ஒரு பாவனை. உட்காரமாட்டார். நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “மோசமில்ல,” என்பார். வாடகைக்கு எடுக்காமல் போய்விடுவார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பிரெய்னர்டு ஊரைச் சுற்றியுள்ள வாடகைக் கிடங்குகளில் அவர் கால் படாதது பாக்கியில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு கிடங்கு அறை உண்டு. குளிர்காலத்தில் படகைப் போடலாம், கோடையில் பனிவண்டியைப் போடலாம், விவாகரத்தான கணவனின் சோபாவை எந்தப் பருவத்திலும் போடலாம். பார்த்த மாத்திரத்தில் ஒன்றை எடுத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே வைத்ததை மறந்துவிடுவதுதான் ஊர் வழக்கம். ஓரின் ஒருவர்தான் பெண் பார்ப்பதுபோல் அறை பார்த்துக்கொண்டு திரிந்தார்.

அந்த “மோசமில்ல” எதற்கும் அவருடைய ஒரே வசனம். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது அதைத்தான் சொன்னார். ஆலங்கட்டி மழையில் வண்டியின் மேல்தகடு அம்மை விழுந்த முகமாக ஆனபோதும் அதைத்தான் சொன்னார். காப்பி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு முறை வேண்டாம் என்பார். மூன்றாவது முறை கேட்காமல் விட்டால் மனசு நொந்துபோவார். அதையும் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

பாதி வாழ்நாள், வீடுகளைச் சூடாக்கும் எரிவாயு லாரி ஓட்டினார். தொட்டி வீட்டின் பின்பக்கம்தான் இருக்கும் என்பதால் மாவட்டத்தில் எல்லார் வீட்டுக் கொல்லையும் அவருக்கு அத்துப்படி. கூடம் எப்படியிருக்கும் என்று மட்டும் தெரியாது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “யாரும் கேக்கலியே,” என்பார். வேடிக்கை என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஓரின் சிரித்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் வீட்டுக்கு ஆள் வரும். ஐந்நூறு என்று ஒரு சீட்டாட்டம், நாலு பேர் வேண்டும், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. ஓரினுக்கு எதிரே மைலோ. குறுக்கே ஹார்லனும் டுவேனும். கூடத்தில் மடக்குக்கால் போட்ட ஒரு சீட்டு மேஜை, நாலு மடக்கு நாற்காலி, ஒரு தட்டு உப்புக் கடலை, அவ்வளவுதான் சொர்க்கம். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: தோற்ற கட்சிதான் மேஜையை மடக்கவேண்டும். ஜெயித்தவன் கைவைத்தால் அடுத்த வாரம் நல்ல சீட்டு வராது.

போன ஜனவரிக்கு முந்தின ஜனவரியில், ஆட்டம் பாதியில் இருக்கும்போது, வண்டியைச் சூடாக்கி வைக்கிறேன் என்று மைலோ சாவியோடு வெளியே போனார். குளிர்காலத்தில் கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் செய்வதுதான். மற்ற மூவரும் அவருடைய சீட்டை எட்டிப் பார்க்காமல் யோக்கியமாகக் காத்திருந்தார்கள். மைலோவை வண்டிக்குப் பக்கத்தில், பனியில், ஹார்லன்தான் போய்ப் பார்த்தார். நெஞ்சடைப்பு. வண்டி நன்றாகச் சூடாகியிருந்தது.

அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. ஆகவே மேஜையை மடக்க யாருக்கும் உரிமையில்லை. டுவேன் அந்தக் கோடையிலேயே போய்ச் சேர்ந்தார். ஹார்லனை மகன் அரிசோனாவுக்கு, வெயிலுக்கு, கூட்டிப்போய்விட்டான். மேஜை கூடத்தில் நாலு காலில் நின்றது. ஓரின் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு படுக்கப் போனார்.

வாடகை வீடு. வீட்டுக்காரி இறந்ததும் அவள் மகன் அதை விற்றுவிட்டான். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கான கட்டடத்தில் ஓரினுக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கே கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதனால்தான் இந்தக் கிடங்கு வேட்டை.

டார்லா நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கின் மேலாளர். ஆண்களின் அகல பூட்ஸ் போட்டுக்கொண்டு உரக்கப் பேசுகிறவள். நாலாவது தடவை அவர் வந்து அளந்துவிட்டு “மோசமில்ல” சொன்னபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஓரின், உண்மையைச் சொல்லுங்க. பிணத்தை எதாவது ஒளிச்சு வெக்கப் போறீங்களா?”

“வீட்டுச் சாமான்தான்.”

“தனி ஆளு சாமானுக்கு அஞ்சடிக்குப் பத்தடி அறை தாராளம். பத்துக்குப் பத்தே பத்தாதுங்கிறீங்களே! வீட்டுல என்ன யானையா வளக்கிறீங்க? நானே வந்து பாக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“மூணு தடவை கேக்கணுமா? கேட்டதா வெச்சுக்குங்க. வண்டியை எடுங்க.”

கூடத்துக் கம்பளத்தில் ஓரின் நீல டேப்பை ஒட்டி, பத்தடிக்குப் பத்தடி கட்டம் போட்டிருந்தார். சாமான் அடங்குமா என்று பார்க்க இங்கே எல்லாரும் அப்படிச் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் கட்டத்துக்குள் மூட்டையை அடுக்குவார்கள். ஓரின் நடுவில் மேஜையை விரித்திருந்தார். நாலு பக்கமும் நாற்காலி, ஒவ்வொன்றும் ஆள் எழுந்தால் பின்னுக்குத் தள்ளுமளவு இடம் விட்டு. மூலையில் நிற்கும் விளக்கு. வந்தவர்கள் கோட்டைக் கழற்றி மாட்ட ஒரு தாங்கி. அதைச் சுற்றி நடக்க வழி. மிச்ச சாமானெல்லாம் டேப்புக்கு வெளியே அநாதையாகக் கிடந்தது.

டார்லா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். “அட மனுஷா! கிடங்குக்குத் தரையை அளக்கக் கூடாது, கூரையை அளக்கணும். சோபாவைச் செங்குத்தா நிமித்தி, மெத்தையைச் சாத்தி, மேஜையை மடக்கிச் சுவரோரம் சொருகினா எல்லாம் உள்ள போயிடும்.”

“மேஜையை மடக்க முடியாது.”

“கீல் துருப்பிடிச்சிருக்கா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மைலோவையும் மற்ற இருவரையும் அந்த மேஜைச் சட்டத்தையும் பற்றிச் சொன்னார். ஒரே மூச்சில், நாலைந்து வாக்கியம். அவர் வாயிலிருந்து தொடர்ச்சியாக அவ்வளவு சொல் வந்ததே பெரிய விஷயம். டார்லாவின் சிரிப்பு நின்றது. ஆனாலும் காரியக்காரி. “உயிரோட இருக்கிறது ஹார்லன் ஒருத்தர்தானே? ஃபோன் போடுங்க. தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. மடக்கிடலாம்.”

ஓரினுக்கு அந்த யோசனை தோன்றியதே இல்லை. உடனே ஃபோன் போட்டு, மேஜைமேல் வைத்தார். அரிசோனாவிலிருந்து ஹார்லனின் கரகரப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

“டேய் ஓரின்! செத்துட்டியோன்னு நெனச்சேன்.”

“இன்னும் இல்ல. வீட்டைக் காலி பண்றேன். மேஜையை மடக்கணும். நீ தோத்துட்டேன்னு சொல்லு.”

“நானா? ஏன்டா நான் தோக்கணும்? நாங்கதான்டா முன்னால இருந்தோம்! டுவேன் கையில ஜோக்கர் இருந்துச்சு தெரியுமா?”

“தெரியாது.”

“இருந்துச்சு. வேணும்னா நீ தோத்துட்டேன்னு சொல்லிக்க.”

ஓரின் எதிர் நாற்காலியைப் பார்த்தார். “மைலோவைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?”

அரிசோனாவில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. ஹார்லன் குரல் இறங்கி, “அப்ப மடக்காத,” என்றார். “நான் வர்றேன். முட்டி ஆபரேஷன் முடியட்டும்.” அவர் வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். “மோசமில்ல,” என்று ஓரின் ஃபோனை வைத்தார்.

டார்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பளத்தில் ஒட்டிய டேப்பைக் குனிந்து உரிக்க ஆரம்பித்தாள். “பத்துக்குப் பதினஞ்சு ஒண்ணு காலியா இருக்கு. ஹீட்டர் போட்ட கட்டடம். அஞ்சடி மூட்டைக்கு, பத்தடி மேஜைக்கு. ஆனா உள்ள குடியிருக்கக் கூடாது ஓரின், அது சட்டம்.”

“குடியிருக்கமாட்டேன். வந்துட்டுப் போவேன்.”

சாமான் போன பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஃபிளாஸ்கில் காப்பியோடு ஓரின் கிடங்குக்குப் போனார். ஷட்டரை ஏற்றினார். கோட்டைத் தாங்கியில் மாட்டினார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் தள்ளிப் பார்த்தார், இடம் இருந்தது. சுவரெல்லாம் தகரம், ஜன்னல் கிடையாது. ஆனால் மேஜை மேஜையாக நின்றது. பல மாதம் கழித்து அன்றுதான் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

காப்பி பாதியில் இருக்கும்போது விளக்கு அணைந்தது. கொண்டுவந்த விளக்கைச் செருக அறையில் பிளக் கிடையாது, நடைவழி விளக்குதான் அறைக்கும் விளக்கு. அது போனதும் கை தெரியாத இருட்டு.

“டார்லா?” என்று கூப்பிட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். விளக்கு வந்துவிட்டது. சும்மா எரிந்து வீணாகக் கூடாது என்று, ஆள் அசைந்தால் மட்டும் எரியும்படி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மறுபடி உட்கார்ந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார். மறுபடி இருட்டானது.

இந்தத் தடவை அவர் எழவில்லை. வலது கையை மேஜைக்குமேல் உயரத் தூக்கி, இருட்டைப் பார்த்து அசைத்தார். “இருக்கேன், இருக்கேன்,” என்றார்.