கிழக்குப் பார்த்த ஜன்னல்

மேற்கு பெர்லினில் எனக்கு அறை கிடைத்ததே பெரும்பாடு. என் நிறத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் ஒருத்தருக்குக் கொடுத்தோம்" என்று கதவைச் சாத்திய வீடுகள் எத்தனையோ. கடைசியில் பெர்லின் சுவரை ஒட்டிய தெருவில், மேல் மாடியில், ஒரு விதவை அம்மாள் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். முகவரி இல்லாவிட்டால் போலீஸ் பதிவு கிடையாது, பதிவு இல்லாவிட்டால் விசா கிடையாது. பரீட்சை எழுதாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அறையை விடக் கூடாது என்பதே என் ஒரே கவலை.

ஜன்னலைத் திறந்தால் சுவர். அதற்கு அப்பால் மணல், கம்பிவேலி, கிழக்கு ஜெர்மனிக்காரர்களின் காவல் கோபுரம். நடுவில் மாட்டிக்கொண்டு பூட்டியே கிடந்தது ஒரு தேவாலயம். தெருமுனையில் மரத்தால் கட்டிய மேடைக்கு டூரிஸ்ட் பஸ்கள் வரும். ஏறி எட்டிப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், எதிர்க்கடையில் சாசேஜ் தின்றுவிட்டுப் போவார்கள். தெருக்காரர்கள் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஒருவரையொருவர் வேவு பார்க்கவே பொழுது சரியாக இருந்தது. நான் படியேறினால் மாடிப்படிப் பேச்சு சட்டென்று நின்றுவிடும்.

குளித்ததும் கிழக்கே பார்த்து, கைகளைத் தலைக்கு மேல் குவித்துச் சூரியனைக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே குளிர்காலத்தில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், ஊரே விழித்திருக்கும். நேர் எதிரே கோபுரம். அதில் எப்போதும் இரண்டு சிப்பாய்கள். ஒருவன் எங்களைப் பார்ப்பதற்கு, இன்னொருவன் அவனைப் பார்ப்பதற்கு என்று தெருவில் சொல்வார்கள். அவர்களில் இளையவன் ஒருவன் தினமும் தூரக்கண்ணாடியை என் பக்கம் திருப்புவான். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறான், சாமி கும்பிட என்ன வெட்கம்!

பிறகு என் மேஜை டிராயரில் பொருள்கள் இடம் மாற ஆரம்பித்தன. விபூதி டப்பாவில் விரல் வைத்த தடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, அந்த அம்மாள் வெளியே போகும்போதெல்லாம் யாரிடம் பேசுகிறார் என்று நானும் ஜன்னல் வழியே பார்க்கத் தொடங்கினேன்.

மேகம் மூடிய ஒரு காலையில் அவர் கேட்டேவிட்டார். "இன்னிக்குச் சூரியனே இல்லையே, யாருக்குக் கை காட்டினீங்க?"

மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். பொய் சொல்கிறவனுக்குத் தலையாட்டுவது போல ஆட்டினார். கூடப் படிக்கும் தமிழ் நண்பனிடம் புலம்பினால் அவன் சிரிக்கிறான். "ஏண்டா, பரீட்சை முடியற வரைக்கும் கர்ட்டனைப் போட்டுட்டுக் கும்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?" நியாயம்தான். ஆனால் திடீரென்று மறைத்தால் சந்தேகம் இன்னும் வளராதா? நேரில் காட்டிவிடுவதே மேல் என்று முடிவு செய்தேன்.

வானம் தெளிந்த ஒரு நாள் அந்த அம்மாளை அழைத்து என் பக்கத்தில் நிற்க வைத்தேன். கோபுரத்துக்கு மேலே சூரியன் வந்தது. இதோ, இவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிக் கையைக் குவித்தேன்.

எதிரே அந்த இளைய சிப்பாய் தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கினான். சிரித்துக்கொண்டே தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, என்னைப் போலவே குவித்தான். அடப்பாவி!

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "பதில் வந்துடுச்சு," என்றார். "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

நண்பன் தன் அறையில் இடம் கொடுத்தான். அவனுடைய வீட்டுக்காரர் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டார், பரீட்சையும் எழுதினேன். ஆனால் காலி செய்யும் நாள்வரை தினமும் கோபுரத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் மறுபடி வரவேயில்லை. அன்று அவன் கை தூக்கியதை அவன் பக்கத்தில் நின்றவனும் பார்த்திருப்பான். என்னைக் கேட்டது ஒரு கிழவி. அவனை யார் கேட்டார்களோ! சூரியனைக் கும்பிட்டேன் என்று சொன்னால் அங்கே யார் நம்பியிருப்பார்கள்?