வயித்துல ஒண்ணும் இல்ல

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘இஸ்திரி அக்கா’ என்பார்கள். ஈரப் படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் கசங்கலாக நுழைந்து மறுபக்கம் காகிதம் போல வெளியே வரும். அங்கே நின்று பிடித்து மடிப்பது அவர் வேலை. முகம் ஆவியில் வெந்து சிவந்திருக்கும். வாய் மட்டும் ஓயாது. விரிப்போடு சேர்த்து ஊரையும் மடித்து அடுக்கிவிடுவார்.

எங்கள் தொழிற்சங்க ஆண்டுமலருக்கு இளமைப் பருவத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். மலரைத் தொகுத்தவன் நான். வந்த கட்டுரைகளில் வறுமை ‘எளிய குடும்பம்’ என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அக்காவின் கட்டுரையில் அதுகூட இல்லை. திரும்பத் திரும்ப ஒரே வரி: ‘எனக்கும் அண்ணனுக்கும் தீராத வயிற்றுவலி.’ என்ன வியாதி என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “கை தானா எழுதிடுச்சு தம்பி. எங்க வீட்டுல பசிக்கு அதான் பேரு.”

அம்மா கற்றுக்கொடுத்த பேர். வகுப்பில் தலைசுற்றினாலும், பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனைக்கு முகம் வாடினாலும், கேட்பவர்களிடம் வயிற்றுவலி என்றே சொல்ல வேண்டும். வலிக்கிற பிள்ளைக்கு ஊர் ‘ஐயோ பாவம்’ சொல்லும். பசிக்கிற பிள்ளையைக் கண்டால் கதவைச் சாத்தும்.

ஒரு டீச்சர் அதை நம்பி அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார். அம்மா வேலையைப் போட்டுவிட்டு அண்ணனையும் இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் சொன்னார்: “வயித்துல ஒண்ணும் இல்லம்மா.”

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். மிரண்டுபோன டாக்டர் அவசரமாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நன்றாகப் பசியெடுப்பதற்கான டானிக்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசிக்கு விதி காரணம் என்று சொல்லித் திரிகிறவர்களில் எவனும் பசித்தவன் இல்லை. பட்டினி போட்டவன் நிமிர்ந்து நடக்கிறான். கிடந்தவள் அதற்கு மாற்றுப் பெயர் தேடுகிறாள். இதை அப்படியே எழுதுங்கள் என்றேன். அக்கா காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு சலவைக்கூடத்தில் அவர் குரலே கேட்கவில்லை. விசாரித்தேன். விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டதாம். அம்மா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர். இப்போது மருந்துக்கடை முதலாளி. சட்டைப்பையில் எப்போதும் வயிற்றுவலி மாத்திரை இருக்கும். எந்த ஸ்கேனிலும் எதுவும் தென்பட்டதில்லை. அவர் சொன்னாராம்: “அம்மா கட்டிக் காத்த மானத்தை நீ அச்சடிக்கப் போறியா? பசின்னு எழுதினா இனிமே என் வாசப்படி மிதிக்காதே.” அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த வாசல் ஒன்றுதான்.

ஆனாலும் கட்டுரை திரும்பி வந்தது. வயிற்றுவலி இருந்த இடமெல்லாம் அடிக்கப்பட்டு, மேலே ‘பசி’ என்று எழுதியிருந்தது. டாக்டரிடம் போன கதையும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

“அம்மா மாடா உழைச்சா தம்பி. அவ ஏன் பொய் சொல்லணும்? கூலியைக் குறைச்சுக் கொடுத்தவன் ஒருத்தனும் வயித்துவலின்னு சுருண்டு படுக்கலையே.”

மேடையேறிக் கடவுளையே கேள்வி கேட்டிருக்கிறேன், அதற்குக் கைதட்டுதான் கிடைத்தது. இவரோ ஒரு சொல்லுக்காகப் பிறந்த வீட்டையே பணயம் வைத்திருந்தார்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பு, சங்கக் கூட்டத்தில் கட்டுரைகளை வாசிக்க வைத்தோம். அக்கா எழுந்தார். பழைய சலவைக்கூடக் குரலிலேயே வாசித்தார். டாக்டர் சொன்ன இடம் வந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அது அம்மாவின் சிரிப்பு என்று பிறகு என்னிடம் சொன்னார். யாரும் அழைக்காமலே வந்திருந்த அண்ணன் கதவோரம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் நேராக எங்களிடம் வந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அவர் கையிலிருந்த காகிதத்தைத் தட்டிக் காட்டினார்.

“ஒண்ணை விட்டுட்டியே. அன்னிக்கு டாக்டர் என் வயித்தையும்தான் அழுத்திப் பார்த்தாரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அதையும் சேர்த்துப் போடுங்க சார்.”