எட்டாவது வரி: சும்மா

என் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மக்ரூன் டப்பாவின் மூடி ஒட்டியிருக்கிறது. அதன் உள்பக்க வெள்ளை அட்டையில், நீல மையில், ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு எட்டு வரிகள். முதல் ஏழிலும் ஏதேதோ எண்களும் எழுத்துகளும் இருக்கின்றன. எட்டாவதில் ஒரே ஒரு சொல்தான்: சும்மா. அந்தச் சொல்லால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையெழுத்து எங்கள் மதினியுடையது.

மதினி எனக்குச் சொந்தமில்லை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கயிற்றுக்கடை மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடலோர ஊர்களில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் உள்ளே அலை அடங்குமா, வள்ளங்கள் நிம்மதியாக நிற்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் தொழில். கடலில் ஆழம் அளக்கும் படகை ஓட்டியவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் மனைவி எங்கள் அலுவலகக் கணினியில் உட்கார்ந்ததால் அவர் தானாக மதினி ஆகிவிட்டார். முறை அமைந்துவிட்டால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். "ஆத்துல முங்கிக் குளிச்ச கொழுந்தனாரு கடலுக்குக் கணக்குப் போட வந்திருக்காரு, அலை எல்லாம் கைகட்டி நில்லுங்கலே!" என்று முதல் நாளே ஆரம்பித்தவர், கடைசி வரை நிறுத்தவே இல்லை.

அலையைக் கணக்கிடும் நிரல் ஒரு கிழட்டுப் பிராணி. கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். கடல் ஆழம் எந்தக் கோப்பில், அலை எவ்வளவு உயரம், எத்திசையிலிருந்து, சுவர் எத்தனை மீட்டர் என்று ஏழு கேள்விகள். மதினி தட்டித் தட்டிப் பதில் சொல்வார். மறக்காமலிருக்க வரிசையை அந்த அட்டையில் எழுதித் திரையில் ஒட்டியிருந்தார். திசைக்கு எண்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மதினிக்கு வடக்கிலிருந்து வரும் வாடை என்றால் பூச்சியம், கிழக்குக் கொண்டல் என்றால் தொண்ணூறு, தெற்குச் சோழகம் என்றால் நூற்றெண்பது. விடைக்கோப்புகளுக்கும் காற்றின் பெயரையே வைப்பார். "தொண்ணூறுன்னா யாருக்குத் தெரியும்? கொண்டல்னா எங்க வீட்டுப் பூனைக்கும் தெரியும்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது வினை. நிரலை ஒருமுறை ஓட்டி விடை எடுப்பது ஒரு ரன். அப்படி நூற்று நாற்பத்துநாலு ரன்னும் திங்களன்று வேண்டும் என்றார் மேலாளர். ஒன்றுக்கு ஏழு நிமிடம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் பதில் தட்ட ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வேம்பார் கோயிலில் மதினியின் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை பூசையில் சாமியார் கையால் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கும் நாள். பெற்ற தாய் பக்கத்தில் நிற்காமல் முடியுமா? அண்ணனும் பிள்ளையும் முன்னமே ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளை உடுப்பு தைத்து வந்து, மதினியின் மேசைக்கடியில் பெட்டியில் இருந்தது. "உடுப்பை யார்கிட்டயாவது கொடுத்து விடுங்களேன்" என்றார் மேலாளர். "உடுப்பு போய்ச் சேரும் சார். நான் போய்ச் சேரணும்லா?" என்ற மதினியின் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை.

அப்போதுதான் நான் வாயை விட்டேன். நாங்கள் எண்களை அலசும் கணித மென்பொருளிலிருந்தே வெளி நிரலைக் கூப்பிட்டு ஓட்ட முடியும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒவ்வொரு ரன்னுக்கும் பதில்களை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தால் போதும். விசைப்பலகையில் யாரோ தட்டுவதாக நினைத்து நிரல் அதைப் படித்துக்கொள்ளும். "மதினி, நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருங்க. பத்தே வரி எழுதுதேன். காலைல வந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றேன். அதுவரை ஆறு ரன் முடித்திருந்த மதினி, என்னை நம்பி நிறுத்தினார். மூன்று மணிக்கு ஓடவிட்டேன். நூற்று நாற்பத்துநாலு கறுப்பு ஜன்னல் வந்து கண்ணைக் குத்துமே என்று, அவை தெரியாதபடி மறைத்தும் வைத்தேன். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்!

சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் நூற்று நாற்பத்துநாலு கோப்புகளும் வரிசையாக, அழகாக இருந்தன. ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை. மதினி அடுத்த கணினியில் உட்கார்ந்து ஏழாவது ரன்னைக் கையால் தட்டத் தொடங்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேம்பார் பஸ் ஒரு மணிக்கு. கோப்பின் பெயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன். பத்தரை மணி வரை ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு ரன் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மதினி நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் எழுதிய பதில் கோப்பைப் பார்த்தார். தன் அட்டையையும் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார்.

"ஏழுதான இருக்கு. எட்டாவது எங்க, கொழுந்தனாரே?"

"எட்டாவதுதான் ஒண்ணுமில்லையே மதினி. சும்மான்னுல்லா போட்டிருக்கீய?"

"அட கூறுகெட்ட கொழுந்தா! சும்மான்னா சும்மாவா? கணக்கெல்லாம் போட்டுட்டு அது சும்மா நிக்கும். நாமளும் சும்மா ஒரு என்டர் தட்டணும். தட்டுனாத்தான் எழுதும்!"

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அந்த நிரல் கணக்கை முடித்ததும், எழுதட்டுமா என்று என்டருக்குக் காத்து நின்றிருக்கிறது. கோப்பில் எட்டாவது வரி இல்லாததால், நூற்று நாற்பத்துநாலு தடவையும் கணக்குப் போட்டு, எழுதாமலே செத்திருக்கிறது. அதைக் கறுப்பு ஜன்னலில் சொல்லியுமிருக்கும், ஜன்னலை மறைத்தவன் நான்தானே. ஏழு பதில்களுக்கும் பிறகு ஒரு வெற்று வரி சேர்த்தேன். ஒரே ஒரு ரன்னை ஓட்டி, ஏழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தோம். கோப்பைத் திறந்தால் எண்கள் கொட்டிக் கிடந்தன. மதினி காலையில் கையால் போட்ட விடையோடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளி மாறவில்லை. "ஏ மாதாவே!" என்று மதினி கத்தியதில் கீழே கயிற்றுக்கடை அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

உடனே எல்லா ரன்னையும் மறுபடி ஓடவிட்டேன். முதலில் வந்த நாலு கோப்புகளையும் பார்த்துவிட்டு மேலாளரே, "போங்கம்மா, பஸ் போயிரப் போவுது" என்றார். மதினி உடுப்புப் பெட்டியை அள்ளிக்கொண்டு, அட்டையை உரித்து என் திரையில் ஒட்டினார். "படிச்ச படிப்புக்கு இதையும் சேத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஞாயிறு விடிந்ததும் அலுவலகம் போய்ப் பார்த்தேன். அத்தனை கோப்பிலும் விடை நிறைந்திருந்தது. அடுத்த பஸ்ஸில் நானும் வேம்பாருக்கு ஏறிவிட்டேன். பூசை முடிந்து, வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக அந்தப் பிள்ளை வெளியே வந்ததையும், அதன் தோளைப் பிடித்தபடி மதினி நின்ற நிற்பையும் நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு பந்தியில் என்னை உட்கார்த்திவைத்து, "இவருக்கு இவரு அண்ணன் கையாலயே மீன் வைக்கட்டும், இவருதான் என்னைப் பஸ் ஏத்தி விட்டவரு" என்று ஊர் முழுக்கச் சொன்னார். சும்மாவின் கதையைச் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அண்ணனும் மதினியும் இப்போது வேம்பாரிலேயே சொந்த வள்ளம் வைத்திருக்கிறார்கள். நான் எழுதும் நிரல்கள் இன்று நூறு மடங்கு பெரியவை. ஆனாலும் வெளி நிரலைக் கூப்பிடும்போதெல்லாம் பதில் கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரி விடுகிறேன். தேவையோ இல்லையோ, கை தானாகப் போகிறது.

போன வாரம் அந்தப் பிள்ளை போன் செய்தாள். கல்லூரியில் பொறியியல் படிக்கிறாள்; விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"சித்தப்பா, வெளிய இருந்து ஒரு ப்ரோக்ராமை ஓட்டுதேன். இன்புட் பைல் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அவுட்புட் காலியா வருது. ரெண்டு நாளா மண்டையை உடைக்கேன்."

நான் திரையோரத்து அட்டையைப் பார்த்தேன். நீல மை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. வாயைத் திறப்பதற்குள், போனுக்கு அந்தப் பக்கம், அடுப்படியிலிருந்து மதினியின் குரல் கேட்டது.

"ஏளா, கடைசில சும்மா ஒண்ணு தட்டுனியான்னு முதல்ல பாரு! உங்க சித்தப்பாகிட்ட கேக்காத, அவரே எங்கிட்ட கேட்டவருதான்!"