மெட்ராஸ் ஐ என்று சொன்னவன் நான்தான்

போன வாரம் எஸ்தரைக் கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் பார்த்தேன். ஏறுவதற்குக் கை நீட்டினாள். கை ஒருமுறை காற்றில் தவறி, பிறகுதான் கம்பியைப் பிடித்தது.

எஸ்தர் எங்கள் எதிர்வீட்டுப் பெண். மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தையல் மெஷினில் இருந்தவள். இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள்.

ஏழெட்டு மாதம் முன்பு அவளுடைய இடது கண் சிவந்தது. என்னிடம் வந்து காட்டினாள். நான் என்ன டாக்டரா? ஆனால் வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா... மெட்ராஸ் ஐ, நாலு நாளில் போய்விடும் என்றேன்.

மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். தெளிந்தது. நிறுத்தினாள். மறுபடி சிவந்தது. மறுபடி அதே சொட்டு. இப்படியே மூன்று முறை.

கண்ணில் பீளை இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் தொற்றவில்லை. ஆனால் ட்யூப்லைட்டைப் பார்த்தாலே வலித்தது. எங்கள் இருவருக்குமே சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் வந்து, "அண்ணா, ஊசி தெரிய மாட்டேங்குது. பனி மூடுனாப்ல இருக்குது" என்றாள்.

அன்றே வேலூருக்குப் போனோம். கண்ணுக்கு உள்ளே அழற்சி, 'யூவியைட்டிஸ்' என்றார் டாக்டர். கண்மணியைச் சுற்றியுள்ள திரை, பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு சொட்டாம். இதற்கும் மருந்து ஸ்டீராய்டுதான் — ஆனால் மணிக்கொரு தரம் போட்டு, கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் திரும்பி வரும். காசநோயா, மூட்டுவாதமா என்று ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். எதுவும் சிக்கவில்லை. பலருக்குக் காரணமே தெரியாதாம்.

முதலிலேயே வந்திருந்தால் என்று இழுத்தேன். "இருக்கிற பார்வையைக் காப்பாத்துவோம்" என்றார் டாக்டர்.

அழற்சி அடங்கியது. ஆனால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. போன பார்வை போனதுதான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணா... நானும்தான நம்புனேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போதும் சிவந்த கண்ணோடு யாராவது வந்து கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, கண் டாக்டரிடம் போங்கள் என்கிறேன்.

'எனக்குத் தெரியாது' என்று நான் சொல்லப் பழகுவதற்கு, எஸ்தரின் ஒரு கண் செலவாகியிருக்கிறது.