மிச்சத் துண்டு

என் வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. பத்து காசு நாணயத்தின் அகலம். வலிக்கவில்லை. வலிக்காததுதான் கெட்டது என்று டாக்டர் சொன்னார்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. வேலை பெம்பான் பக்கம் ஒரு மீன் மொத்தக் கடையில். லோரியில் ஐஸ் பெட்டி வரும். மீனைத் தரம் பிரிப்பேன், இறால் தலை கிள்ளுவேன், கெராங் சிப்பியை மண் போகக் கழுவுவேன். காலையிலிருந்து ரப்பர் பூட்ஸ்தான். பூட்ஸுக்குள்ளும் தண்ணீர் இருக்கும். புண் எந்த நாளில் வந்தது என்று தெரியாது. காலுறையில் கறையைப் பார்த்த நாள்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே நோய். அவருக்கு இடது குதிகாலில் புண். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினோம். தோட்டம் கைமாறியதும் ஒரே தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு கிடைத்தது. நடுவில் ஒரு சுவர்தான். போன வருடம் அவருக்கு அதே காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அடுத்தது பாதம் என்று பயம். வெளியே சொல்ல மாட்டார். "வெட்டுறவன் வெட்டட்டும், ஒத்தச் செருப்பு மிச்சம்" என்பார்.

கால் கிளினிக் ஆயர் குரோவில். பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை. அக்கா மகனிடம் சொந்தக் கார் உண்டு, நாங்கள் காடி என்போம். அவனுக்கு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. அவனுக்கு ஓய்வு விழுகிற நாளில்தான் எங்கள் கால்களுக்கு வைத்தியம்.

அப்படிப் போன ஒரு நாளில், அங்கே ஆராய்ச்சி செய்கிற மிஸ் ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிசாக வெள்ளையாக ஒன்று, போப்பியா பலகாரம் சுருட்டுகிற மாவுத் தோல் மாதிரி. உள்ளங்கை அகலம்.

"இத புண்ணு மேல வச்சுக் கட்டணும் ஆண்ட்டி. சீக்கிரம் ஆறுதான்னு பாக்குறோம். இறால் ஓட்டுலேர்ந்து செஞ்சது."

"நான் தெனம் கூடை கூடையா கொட்டுறேனே மிஸ்."

"இவ கொட்டுற குப்பைய இவ கால்லயே கட்டப் போறீங்களா?" என்றார் அக்கா. மிஸ் சிரித்துவிட்டார்.

பிறகு தாளை எடுத்துக் கேள்வி கேட்டார். இறால் சாப்பிட்டால் அரிக்குமா, வீங்குமா? எனக்கு இல்லை என்றேன். அக்கா உண்மையைச் சொன்னார். இறால் சம்பல் ஒரு வாய் வைத்தால் அவருக்கு உதடு வீங்கும். மிஸ் பேனாவை வைத்துவிட்டார்.

"சாரி ஆண்ட்டி. உங்கள இதுல சேக்க முடியாது. உங்களுக்கு ஆபத்து."

அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு பெட்டி நிறையப் பொட்டலம் கொடுத்துத் தாளை வாசித்துக் காட்டினார் மிஸ். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டில் நானே மாற்ற வேண்டும். துண்டை வெட்டக் கூடாது. வேறு யாருக்கும் தரக் கூடாது. காலி உறைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லாம் காதில் விழுந்தது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. தோட்டத்தில் கையெழுத்துப் போடு என்றால் போடுவோம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. இங்கே வாசித்தே காட்டினார்கள். அதனால் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

திரும்பும்போது காடியில் அக்கா வாய் திறந்தார்.

"வாயில போட்டாத்தானே வீங்குது. கால்லயா வாய் இருக்கு?"

"கால்லயும் இருந்தா வீடு தாங்காது லா மா" என்றான் மகன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வீட்டில் இரண்டு முறை முழுத் துண்டையும் வைத்துக் கட்டினேன். பத்து காசுப் புண்ணுக்கு உள்ளங்கைத் துண்டு. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு காலுறைக்குள் மடங்கியது. மூன்றாவது முறை கட்டும்போது அக்கா என் அடுப்படியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் பிரித்ததைப் பார்த்தார்.

"பாதிக்கு மேல வீணாப் போவுது பாரு."

"அவங்க வெட்டக் கூடாதுன்னாங்க."

"முப்பது வருசம் புள்ளைங்களுக்கு இறாலு உரிச்சுக் குடுத்தவ நான். இந்தக் கையில என்ன வந்துச்சு, சொல்லு. வாய்க்குத்தான் ஆவாது. தோலுக்கு ஒண்ணும் இல்ல."

அது சரியாகத்தான் பட்டது. அவர் உரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றித் துடைத்தேன். துண்டை நேர்பாதியாக வெட்டினேன். எங்கள் தோட்டத்து லயத்தில் எதுவும் முழுசாக ஒரு வீட்டில் தங்கியதில்லை. ரொட்டி ஆனாலும் தைல பாட்டில் ஆனாலும் பாதி அடுத்த வீட்டுக்கு. அதைப் போலத்தான் இதையும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கம். நான் வெட்டுவேன், அவர் காலை நாற்காலி மேல் வைப்பார், நான் கட்டுவேன். காடி இல்லாத நாளில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தாவது போய், காலி உறைகளை எண்ணிக் குறையாமல் கிளினிக்கில் கொடுத்தேன். மிஸ் பிளாஸ்டிக் அளவுகோல் வைத்துப் புண்ணை அளப்பார், படம் எடுப்பார், "சூப்பர் ஆண்ட்டி" என்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் புண் சிறுத்தது.

அக்காவுக்கும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. குதிகாலில் சிவப்புச் சதை புதிதாகத் தெரிந்தது. "பாரு, வாய் இல்லாத காலு நல்லாத்தான் சாப்புடுது" என்றார். ஒரே ஒரு தொந்தரவு. வாரம் ஒரு தரம் நர்ஸ் அவர் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் தெரிந்துவிடும். அதனால் அக்கா போகாமல் நிறுத்திக்கொண்டார். மகனுக்கு ஷிப்ட், வர முடியவில்லை என்று போனில் சொல்லிவிடுவார். காடி இல்லை என்பது பல நாள் உண்மைதான். யாரும் மேலே கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் அவர் காலைப் பிரித்தபோது குதிகாலைச் சுற்றிச் சிவந்திருந்தது. கை வைத்தேன். சுட்டது.

"அக்கா, கிளினிக் போவோம்."

"போனா என்னா வச்சேன்னு கேப்பாங்க. சொன்னா உன்னய ஆராய்ச்சியிலேர்ந்து தூக்கிருவாங்க. உன் புண்ணு மூடப் போவுது. ரெண்டு வாரம் பொறுப்போம்."

"கால் கொதிக்குது."

"இறாலு அரிப்புதான். மஞ்சத் தண்ணி ஊத்துனா அடங்கிரும்."

நான் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் முழுக்க. அதை மறைக்க ஒன்றுமில்லை. என் கால் எனக்கும் வேண்டும்.

மறுநாள் கடைக்கு சுகாதார ஆபீசர் வந்தார். அவர் வருவது வழக்கம். ஐஸ் பெட்டியோடு வந்து மீன், இறால், கெராங் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து லேப்புக்குக் கொண்டுபோவார். கிருமி இருக்கிறதா, கெட்ட மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கூடைக்கு ஒரு பை, பை மேல் ஒரு நம்பர். அன்றைக்கு ஒரு கூடையில் இறால் குறைவாக இருந்தது. கூட வேலை செய்பவர் அடுத்த கூடையிலிருந்து அள்ளிப் போட்டுப் பையை நிரப்பினார். ஆபீசர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. பையை அப்படியே கொட்டினார்.

"ரெண்டு கூடையும் கலந்துட்டா எது கெட்டதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

நான் கையில் இருந்த இறாலைக் கீழே வைத்தேன். அக்கா கால் ஒரு கூடை, என் கால் ஒரு கூடை. நான் கலந்துவிட்டிருந்தேன். நாளைக்கே அவர் கிளினிக் போனாலும் என்ன வைத்துக் கட்டினோம் என்று வாய் திறக்க மாட்டார். டாக்டர் எதைப் பார்த்து மருந்து கொடுப்பார்?

முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பூட்ஸைக் கழற்றினேன். அக்கா மகனுக்குப் போன் போட்டேன். ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை. ஆயர் குரோ சாப்பாட்டுக் கடைகளுக்கு மீன் இறக்கப் போகிற எங்கள் லோரி நின்றிருந்தது. டிரைவரிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டார்.

அக்கா வர மாட்டேன் என்றார். நான் அவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டேன். இரண்டையும் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

லோரி முன்சீட்டில் மூன்று பேர். பின்னாலிருந்து வாடை. அக்கா மூக்கில் துணியை வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆவாதத எல்லாம் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போற" என்றார். கொஞ்சம் கழித்து, "உன்னயத் திட்டுவாங்க" என்றார்.

"திட்டட்டும்."

கிளினிக்கில் மிஸ்ஸும் இருந்தார், டாக்டரும் இருந்தார். டாக்டர் மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வாரத்திலிருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை. மிஸ் முகம் வெளுத்தது. டாக்டர் அக்கா காலைப் பார்த்தபடி ஒன்று கேட்டார்.

"எதில் வெட்டினீங்க?"

"கத்தரிக்கோல்ல."

"எந்தக் கத்தரிக்கோல்?"

"அடுப்படியில இருக்கிறது. கழுவித்தான் வெட்டினேன், வெந்நீர்ல."

"அதில் வேறென்ன வெட்டுவீங்க?"

"மீன் துடுப்பு. இறால் மீசை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு குச்சியால் புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் குழாயில் போட்டார். அதோடு போகிற தாளில் கூடுதலாக ஏதோ எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, கடல் மீன் பட்ட கத்தரிக்கோல் என்று இரண்டு முறை சொன்னார். அக்காவை அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். எப்போதும் கொடுக்கிற மருந்தோடு வேறு ஒன்றும் ஊசியில் ஏற்றினார்கள்.

சில நாள் கழித்து லேப் முடிவு வந்தது. உப்புத் தண்ணீரில், மீனில், இறாலில் இருக்கிற கிருமி. கத்தரிக்கோல் பூட்டு ஆணிக்குள் போன அழுக்கு வெந்நீர் ஊற்றினால் போகாது என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்றார். கேட்டிருக்காவிட்டால் அந்த மருந்து பிந்தியிருக்கும், பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்றார். எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அக்காவுக்குச் சர்க்கரை அதிகம், என் புண் மூடிக்கொண்டிருந்தது, மற்றது என் நல்ல நேரம் என்றார்.

குதிகாலில் சதையைச் சுரண்டி எடுத்தார்கள். பாதம் நின்றது. விரல்கள் நான்கும் இருக்கின்றன.

என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பொட்டலங்களோடு பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு தாளை வைத்துக்கொண்டு மறுபடியும் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்.

"அதான் என்னய எடுத்துட்டீங்களே. எழுதாம விட்டா உங்களுக்கு நல்லதுதானே?"

"விட முடியாது ஆண்ட்டி. நடந்தத நடந்த மாதிரி எழுதணும். இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தர் வெட்டுவாங்க."

"அப்ப இதையும் எழுதிக்கிங்க. இம்புட்டுப் புண்ணுக்கு இம்புட்டுத் துண்டு குடுத்தா எங்க ஆளுங்க வெட்டத்தான் செய்வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அதையும் எழுதினார்.

அக்காவின் தோலுக்கு அந்தத் துண்டு ஆகுமா ஆகாதா என்று பிறகு ஆஸ்பத்திரியில் கையில் சின்னதாக ஒட்டிப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி, "இறாலு உரிச்ச கை. ஒட்டுங்க" என்றாராம். ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு கையை வைத்து எல்லாக் கைக்கும் சொல்ல முடியாதாம்.

எனக்குச் சாதாரணத் துணிக்கட்டுதான். புண் மூட இன்னும் இரண்டு மாதம் ஆனது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். பூட்ஸுக்குள் ஈரம் பட்டால் உடனே காலுறை மாற்றுகிறேன். கடைசியாகக் கிளினிக் போனபோது மிஸ்ஸைப் பார்த்தேன். துண்டு இப்போது சின்ன அளவிலும் வருகிறது என்றார். யார் சொல்லி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கத்தரிக்கோலைத் தூக்கிப் போடவில்லை. மீன் வெட்ட அது நல்ல கத்தரிக்கோல். பின்வாசலுக்கு வெளியே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அக்கா இப்போது தாங்கித் தாங்கி நடந்து வருகிறார், இரண்டு செருப்போடு. அந்த ஆணியைக் கடக்கும்போது மட்டும் நிற்பார்.

"எம்புட்டு மீன வெட்டுன. கடைசியில என் காலு கேட்டுச்சா உனக்கு?"

கத்தரிக்கோலைத்தான் கேட்பார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து கோப்பி கேட்பார். பாதி கிளாஸ் போதும் என்பார். நான் முழு கிளாஸ் ஊற்றுவேன்.