எட்டரை மணித் தண்ணீர்

தாமரைச்செல்வி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். திருவாதவூருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. கடைசி ஆறு வருஷமாக அவள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. மேலே புனல், கீழே கோடு போட்ட குழாய். தினமும் காலை எட்டரைக்கு மாடியேறிப் பார்த்து நோட்டில் எழுதுவாள். மழை இல்லாத நாளுக்கு 0.0. வெறும் சைபர் போட்டால் போதாதா என்று ஆரம்பத்தில் கேட்டவள்தான். இப்போது புள்ளி இல்லாத சைபர் அவள் கண்ணுக்கே அரைகுறையாகத் தெரிகிறது.

மழைமானியை வைத்தது அவள் தம்பி அருள்பாண்டி. அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு. தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது முதல் ஐ.டி.ஐ.யில் சேர்த்தது வரை எல்லாம் அவள்தான். ஒத்தக்கடையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மீதி நேரமெல்லாம் வானத்தில் இருப்பான். மதுரையைச் சுற்றி மழை பார்க்கிறவர்கள் பதினேழு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். சாயங்காலம் அவரவர் மறுநாளைக்கான கணிப்பைப் போட வேண்டும். அந்த நாள் முடிந்து, அடுத்த காலை எட்டரைக்கு ஊர் ஊராக மழையளவு வரும். கீழவாசலில் இருக்கும் ராமமூர்த்தி சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அளவுகளை ஒத்துப் பார்த்து ஒரு சார்ட்டில் கணிப்பு பலித்திருந்தால் பச்சைப் புள்ளியும் தவறியிருந்தால் சிவப்புப் புள்ளியும் வைப்பார். எட்டரைக்கு முன்னால் யாரும் மானியைத் தொடக் கூடாது, தண்ணீரைக் கொட்டக் கூடாது. இது குழுவின் சட்டம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் தாமரைச்செல்வி இலையிலிருந்து தலை நிமிர்வாள். "எந்தம்பி என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லவா?"

இந்த மே மாதம் அந்தச் சார்ட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி, மாடியில் வானிலைக் கருவிகள் வைத்து, பார்த்துக்கொள்ள ஆள் போடப் போவதாகச் சொன்னது. மாதச் சம்பளம். மாதக் கடைசியில் சார்ட்டைக் கொண்டு வாருங்கள் என்று ராமமூர்த்தி சாரிடம் கேட்டிருந்தார்கள்; சிவப்பு குறைந்தவருக்கு வேலை. அருள்பாண்டிக்கு ஒரு சிவப்பு. அவனியாபுரம் வெங்கடேஷ்பாபுவுக்கும் ஒரு சிவப்பு. மற்றவர்கள் வெகு தூரம் பின்னால். மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோதுதான் வங்காள விரிகுடாவில் புயல் உருவானது.

அன்று சாயங்காலம் குழுவில் அருள்பாண்டி எழுதினான்: "புயல் வடக்கே போகும்போது நம்ம பக்கத்து ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நாளை இடிமழை எங்கும் இல்லை. நெல்லைத் தாராளமாகக் காயப்போடலாம்." வெங்கடேஷ்பாபு, "ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்று போட்டான்.

தாமரைச்செல்வி மறுநாள் காலையிலேயே கோடை நெல் முழுவதையும் களத்தில் பரப்பினாள். கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது. வருஷச் சாப்பாடும் விதையும் அதில்தான். அவள் புருஷன் சின்னக்கருப்பன் நெல்லைக் காலால் கோதிவிட்டு லோடு ஏற்ற வெளியூர் போனான்.

இரண்டரைக்கு அழகர்மலைப் பக்கம் ஒரு மேகம் எழும்பியது. அடுத்த களத்துக்காரி சோணையம்மாள் தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தாள்.

"மூடலையா தாயி?"

"இன்னைக்கு இல்லக்கா. தம்பி சொல்லிட்டான்."

"அந்தா நிக்கிற மேகத்துக்கும் மெசேஜ் அனுப்பிட்டானாக்கும்?"

தாமரைச்செல்வி சிரித்துவிட்டுப் போனில் புயலின் படத்தைப் பார்த்தாள். குழுவில் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு மேல் வெள்ளையாகச் சுழன்றது. அவள் மறுபடி வானத்தை நிமிர்ந்து பார்த்தபோது மணி நான்கு பத்து. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிப்பதற்குள் காற்று அதை மடித்து வேலியில் போட்டது. நாற்பத்தைந்து நிமிஷம் பெய்தது. நெல் மிதந்து வாய்க்கால் பக்கம் போவதை அவள் நின்று பார்த்தாள். ஓடித் தடுக்க வேண்டும் என்று தெரிந்தது. சோணையம்மாள் வந்து மண்வெட்டியால் அணை போட்டாள்.

ஆறரைக்குத் தம்பி கூப்பிட்டான். ஒத்தக்கடையில் ஒரு சொட்டு இல்லை, மேலூரில் இல்லை, டவுனில் இல்லை.

"அங்கதான் பெஞ்சிருக்குங்கிறாங்க. எம்புட்டு இருக்கும்க்கா?"

"காலைலதான பாக்கணும்."

"சரிதான். காத்து பலமோ?"

"பலந்தான்."

"சில சமயம் மானி சாஞ்சுக்கிரும். அப்ப அளவு இல்லைன்னு போட்டுருவோம்."

"ம்."

"வச்சிரவா?"

"வையி."

நெல் என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. அது அவள் மனசில் பதிந்தது. ஆனால் வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இந்த வட்டாரத்தில் அந்த மழையைப் பிடித்தது அவள் மானி ஒன்றுதான். அளவு இல்லை என்று அவள் போட்டால் சார்ட்டில் தம்பிக்குப் பச்சை விழும். அடுப்பைப் பற்ற வைத்தாள். உலை கொதித்தது. அரிசி போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் எட்டேகாலுக்குத் தம்பியின் பைக் வந்து களத்தருகே நின்றது. இறங்கியவன் நகரவில்லை. நெல் சேறும் பதருமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அவள் குனிந்து கையால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெல்லப் பத்திக் கேக்கவே இல்லியேக்கா நான்."

"கேக்கல."

"நீ சொல்லியிருக்கலாமுல்ல."

"மேல போ. எட்டு இருவது ஆச்சு."

"நீ இன்னும் பாக்கலையா?"

"எட்டரை ஆகலையே."

இருவரும் ஏறினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் செம்புக் கம்பியால் அவனே தூணோடு முறுக்கிக் கட்டிய மானி நட்டுக்குத்தலாக நின்றது. குழாயில் தண்ணீர். அவன் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு பேரும் பத்து நிமிஷம் வெயிலில் நின்றார்கள். எட்டரைக்கு அவள் நோட்டைப் பிரித்தாள்.

"நீயே படி" என்றாள்.

அவன் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். அப்படிப் பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

"முப்பத்தெட்டு புள்ளி நாலு."

அவள் எழுதினாள். அவன் போனில் தட்டினான்: "திருவாதவூர் 38.4. நான்தான் படித்தேன். என் கணிப்பு தவறு. என்னை நம்பி நெல் பரப்பியவர்கள் மன்னிக்கவும்." சற்று நேரத்தில் ராமமூர்த்தி சாரிடமிருந்து சார்ட் வந்தது. அவன் பெயருக்கு நேரே இரண்டாவது சிவப்பு. வெங்கடேஷ்பாபுவுக்குப் பச்சை.

"வேலை அவனுக்குத்தான்" என்றான் அருள்பாண்டி, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். புனலில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு, முந்தானையால் துடைத்து மாட்டினாள். அப்புறம் இருவரும் களத்துக்கு இறங்கினார்கள். அவன் அன்று கடை திறக்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நெல்லைக் காலால் கோதினான். மதியம் இரண்டு மணியிலிருந்து இருவரும் மாற்றி மாற்றி அழகர்மலைப் பக்கம் பார்த்தார்கள். அரை மணிக்கொரு தரம். தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அன்று எதுவும் எழும்பவில்லை. புயல் வடக்கே எங்கேயோ கரையேறிப் போனது. நெல்லில் பாதிக்கு மேல் ஊறி முளைகட்டும் பதத்துக்கு வந்திருந்தது. மீதியைச் சோணையம்மாள் களத்தில் ஓரமாகப் பரப்பி உலர்த்தினார்கள்.

மறுநாள் எட்டரைக்கு மாடியேறிப் பார்த்து, தாமரைச்செல்வி 0.0 என்று எழுதினாள்.